ஒஜிப்வா மக்களின் மரப்பட்டைச் சித்திரங்கள்: எழுத்தா, ஓவியமா? எப்படிப் படிப்பது?

நிலாமுற்றம்:

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தின் வரலாறு பற்றிச் சில பாடவேளைகள் எடுக்க வேண்டும். சுமேர், எகிப்து, சீனம், சிந்துவெளி ஆகியவற்றோடு, வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றி வாழும் ஒஜிப்வா மக்கள் பர்ச் மரப்பட்டையில் வரைந்த சித்திரங்களையும் சேர்க்கலாம் என்று எண்ணம். தேடத் தேடக் குழப்பம்தான் கூடுகிறது.

சில இணையப் பக்கங்கள் "அலைக்கோடு என்றால் தண்ணீர், வட்டம் என்றால் சூரியன்" என்று ஒரு பொருள் அட்டவணையே தருகின்றன. அதை வைத்துக்கொண்டு ஒரு சுருளின் படத்தைப் படிக்க முயன்றால் ஒன்றும் ஓடவில்லை. இவற்றுக்கு இடமிருந்து வலம் போல ஒரு திசை உண்டா? எகிப்தியச் சித்திர எழுத்து போல ஒலியைக் குறிக்குமா? மீன், சூரியன், மலை எல்லாம் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் ஏதேனும் தொடர்பு இருக்குமா? பிள்ளைகள் கையாலேயே ஒரு மாதிரி செய்து பார்க்க வழி உண்டா? தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

எழுத்தாணி:

முதலில் அந்தப் பொருள் அட்டவணையை ஓரமாக வைத்துவிடுங்கள். குழப்பத்துக்கு வேர் அதுதான். ஒஜிப்வா மக்கள், அவர்கள் தம்மைச் சொல்லிக்கொள்ளும் பெயரில் அனிஷினாபே, இரண்டு வேறு தேவைகளுக்குப் படம் வரைந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் இவற்றைப் பதிவு செய்த ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் இரண்டையும் தனித்தனியே குறிப்பிடுகிறார். ஒன்று, ஊரில் எவரும் படிக்கக்கூடிய பொதுச் செய்தி. இதைக் கெக்கீவின் என்கிறார். மற்றது மிடேவிவின் என்ற மருத்துவ, சமயச் சங்கத்தில் தீட்சை பெற்றவர்களுக்கு மட்டுமே உரிய போதனைக் குறி, அது கெக்கீனோவின். அட்டவணைகள் இரண்டையும் ஒன்றாகக் கலந்து போட்டுவிடுகின்றன. பொதுச் செய்தியைப் படிக்கும் முறையில் பாடல் சுருளைப் படிக்க முடியாது.

பொதுச் செய்திக்கு நல்ல சான்று 1820ஆம் ஆண்டு ஜூலையில் எழுதப்பட்டது. மிச்சிகன் பிரதேச ஆளுநர் லூயிஸ் காஸின் பயணக்குழுவில் ஸ்கூல்கிராஃப்ட் கனிமவியலாளராகப் போனார். செயின்ட் லூயிஸ் ஆற்றிலிருந்து சாண்டி ஏரிக்குத் தரைவழியே குறுக்காகச் சென்ற சிறு பிரிவு காட்டில் வழி தவறி இரவு தங்க நேர்ந்தது. காலையில் கிளம்பும்போது ஒஜிப்வா வழிகாட்டிகள் பர்ச் பட்டைத் துண்டில் படம் வரைந்து, ஒரு நீண்ட கழியின் நுனியில் பொருத்தி, அதே இடத்தில் நட்டுவைத்தார்கள். அந்த வழியே வரக்கூடிய தம் மக்களுக்கான செய்தி அது.

படத்தில் இருந்தவை இவை. தொப்பி போட்ட உருவங்கள் வெள்ளையர். தொப்பி இல்லாத இரண்டு உருவங்கள் ஒஜிப்வா வழிகாட்டிகள். கையில் வாள் வைத்திருப்பவர் படை அதிகாரி. புத்தகம் வைத்திருப்பவர் குழுவின் செயலர். சுத்தியல் வைத்திருப்பவர் ஸ்கூல்கிராஃப்ட். எட்டுத் துப்பாக்கிகளைப் போட்டு, எட்டு வீரர் ஆயுதத்தோடு வந்ததைக் காட்டிவிட்டார்கள். ஒரு காட்டுக்கோழியும் ஓர் ஆமையும் வரையப்பட்டிருந்தன. முகாமில் உண்ட வேட்டை அதுதான். மூன்று நெருப்புகள் இருந்தன. அதிகாரிகள், வீரர்கள், வழிகாட்டிகள் தனித்தனியே தீமூட்டித் தங்கினார்கள் என்று பொருள். கழி எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அந்தப் பக்கம் குழு போயிருக்கிறது.

இதில் ஒரு சொல்லும் இல்லை, ஒரு பெயரின் ஒலியும் இல்லை. ஆனாலும் எத்தனை பேர், யார் யார், ஆயுதம் உண்டா, என்ன உண்டார்கள், எந்தப் பக்கம் போனார்கள் என்ற ஐந்து கேள்விக்கும் விடை இருக்கிறது. காட்டில் பின்னால் வருபவனுக்கு வேண்டியது இந்த ஐந்தும்தான். கழியின் சாய்வும் செய்தியில் ஓர் உறுப்பு என்பதைக் கவனியுங்கள். பட்டையை மட்டும் பிடுங்கி அருங்காட்சியகப் பெட்டியில் வைத்தால் திசை தொலைந்துபோகும். இந்தப் படங்களை இடத்திலிருந்து பிரித்துப் படிக்க முயல்வதால் வரும் பிழைகள் ஏராளம்.

படிக்கும் ஒழுங்கையும் சொல்லிவிடுகிறேன். யார் யாருக்காக வரைந்தது, எங்கே வைக்கப்பட்டது என்று முதலில் கேளுங்கள். அடுத்து எண்ணுங்கள், உருவங்களின் எண்ணிக்கை பெரும்பாலும் மெய்யான எண்ணிக்கை. மூன்றாவதாக, ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும் அடையாளத்தைத் தேடுங்கள்: தொப்பி, கொம்பு, கைப்பொருள், குலக்குறி விலங்கு. பிறகு கோடுகளுக்கு வாருங்கள். வாயிலிருந்து புறப்படும் கோடு பேச்சு அல்லது பாட்டு. காதுக்குப் போகும் கோடு கேட்டல். நெஞ்சிலிருந்து நெஞ்சுக்குப் போனால் மன ஒருமை. தலையிலிருந்து கதிர்களோ கொம்போ கிளம்பினால் அவர் ஆன்ம வல்லமை உள்ளவர். படத்தின் அழகில் மயங்கி முதலில் உருவத்தை ஆராய்வதுதான் வழக்கம். என் கருத்தில் கோடுகளே இந்த முறையின் இலக்கணம்.

அதற்கு 1849ஆம் ஆண்டு மனுவைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே, விஸ்கான்சின் பகுதியிலிருந்து ஒஜிப்வா தலைவர்கள் சிலர் அந்த ஜனவரியில் வாஷிங்டன் வந்து, பர்ச் பட்டையில் வரைந்த மனுவை அமெரிக்க ஜனாதிபதிக்குக் கொடுத்தார்கள். 1842 உடன்படிக்கையில் நிலத்தை விட்டுக்கொடுத்த பிறகு, மேற்கே விரட்டப்படுவோம் என்ற அச்சம் அவர்களைச் சூழ்ந்திருந்தது. மனுவின் முகப்பில் ஒரு கொக்கு. ஓஷ்கபாவிஸ் என்ற தலைவரின் குலக்குறி அது. அதன் பின்னால் மரநாய் போன்ற மார்ட்டன் மூன்று, ஒரு கரடி, ஒரு மீன்மனிதன், ஒரு கெளுத்தி மீன். ஒவ்வொன்றும் ஒரு தலைவர்.

எல்லா விலங்குகளின் கண்ணிலிருந்தும் கொக்கின் கண்ணுக்குக் கோடு போகிறது: எங்கள் பார்வை ஒன்று. எல்லா நெஞ்சிலிருந்தும் கொக்கின் நெஞ்சுக்குக் கோடு: எங்கள் உள்ளமும் ஒன்று. கொக்கின் கண்ணிலிருந்து ஒரு கோடு முன்னோக்கி, ஜனாதிபதி இருக்கும் பக்கம் போகிறது. இன்னொன்று பின்னோக்கி வளைந்து, வரைபடம் போல வரைந்த சிறு ஏரிகளைத் தொடுகிறது. பக்கத்தில் சுப்பீரியர் ஏரி. அந்தச் சிறு ஏரிகளையே தங்களுக்கு விட்டுவைக்கும்படி கேட்கிறார்கள். காட்டரிசி விளையும் நீர்நிலைகள் அவை. மனுவின் வேண்டுகோள் முழுவதும் அந்த இரண்டு கோட்டில் அடங்கியிருக்கிறது. 1850 பிப்ரவரியில் வெளியேற்ற ஆணை பிறந்தது. 1854 உடன்படிக்கையில்தான் அவர்களுக்கு நிலையான ஒதுக்கீட்டு நிலம் கிடைத்தது.

நூல்களில் நாம் காணும் வண்ணப்படம் ஓவியர் சேத் ஈஸ்ட்மன் 1851 வெளியீட்டுக்காக வரைந்த நகல் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கோட்டின் கனமும் வண்ணமும் அவருடையவை.

நிலாமுற்றம்:

மிகத் தெளிவு, நன்றி. மனுவைப் பற்றிய விளக்கத்தை அப்படியே வகுப்பில் பயன்படுத்துவேன். ஆனால் நான் படிக்க முயன்றது ஒரு பாடல் சுருள் என்று இப்போது புரிகிறது. நடுநடுவே செங்குத்துக் கோடுகளும் கொம்பு வைத்த உருவங்களும் இருந்தன. அதைப் படிக்கவே முடியாதா?

யாழ்நரம்பு:

பாட்டு தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் படிக்கலாம். இல்லையென்றால் முடியாது. காரணம் எளிது: ஒவ்வோர் உருவமும் பாட்டின் ஓர் அடியை, அல்லது ஒரு பாட்டு முழுவதையும் நினைவூட்டும் குறி. அடியின் சொற்கள் படத்தில் இல்லை. பாடுபவரின் நெஞ்சில் இருக்கின்றன. மிடே, அதாவது மிடேவிவின் சங்கப் பாடல்களில் சொற்கள் குறைவு, திரும்பத் திரும்ப வரும், பழைய வழக்குச் சொற்களும் பொருளில்லாத இசை அசைகளும் கலந்திருக்கும். அதனால் பேச்சுமொழி தெரிந்தவருக்கே பாட்டு பிடிபடாது.

நீங்கள் கண்ட செங்குத்துக் கோடு நிறுத்தக் குறி. அந்த இடத்தில் பாட்டு நின்று, புகைத்தல் போன்ற சடங்குச் செயல் நடக்கும். கோட்டை ஓர் உருவமாக எண்ணிப் பொருள் தேடினால் வரிசை முழுவதும் ஓர் இடம் தள்ளிப்போகும். திசைக்கும் ஒரே விதி கிடையாது. வால்டர் ஹாஃப்மன் 1891இல் வெளியிட்ட மிடே ஆய்வில் வலமிருந்து இடம் போகும் சுருள்களும் உண்டு, மறுபக்கம் போவனவும் உண்டு. சுருளின் சொந்தக்காரர் எங்கே தொடங்கினாரோ அதுவே தொடக்கம்.

பாடல் சுருளைத் தவிர சடங்கு வரைபடச் சுருளும் உண்டு. ஹாஃப்மன் மினசோட்டாவின் ரெட் லேக்கில் கண்ட ஒன்று 7 அடி 1½ அங்குல நீளம், 18 அங்குல அகலம். ஐந்து பட்டைகளை பாஸ்வுட் மரநாரால் தைத்துச் சேர்த்தது. அதில் நான்கு நீள்சதுரங்கள் வரிசையாக இருக்கும்; மிடே தீட்சையின் நான்கு படிநிலைகளுக்கான நான்கு மண்டபங்கள் அவை. கிழக்கே நுழைவாயில், மேற்கே வெளிவாயில், உள்ளே நடப்பட்ட கம்பங்கள், வழியை மறிக்கும் ஆவி விலங்குகள் என்று எல்லாம் மேலிருந்து பார்ப்பது போல வரையப்பட்டிருக்கும். ஆனால் கரடியும் மனிதனும் மட்டும் பக்கவாட்டில் தெரிவார்கள். ஒரே படத்தில் இரண்டு பார்வைக் கோணம் என்பதைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

மூன்றாவது வகை இடப்பெயர்ச்சிச் சுருள். கிழக்குக் கடலோரத்திலிருந்து செயின்ட் லாரன்ஸ் ஆற்றுவழியே, சூ செயின்ட் மேரி வழியாக, சுப்பீரியர் ஏரியில் உள்ள மடலின் தீவு வரை முன்னோர் வந்த பாதையை அது நினைவூட்டும். மீகிஸ் என்ற புனிதச் சிப்பி தோன்றித் தோன்றி வழிகாட்டியதாக மரபு. சடங்கில் மீகிஸாகப் பயன்பட்டவற்றில் நம் ஊர்ச் சோழியும் உண்டு. இந்தியப் பெருங்கடல், பசிபிக் நீரில் வாழும் அந்தச் சோழி வணிகர் கை வழியே அவ்வளவு தொலைவு போயிருக்கிறது.

ஆனால் இதை வெறும் கிறுக்கல் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். பிரான்சஸ் டென்ஸ்மோர் 1907 முதல் மினசோட்டாவில் மெழுகு உருளையில் ஒஜிப்வா பாடல்களைப் பதிவு செய்தார். ஒருவர் பாடி வரைந்த படத்தைக் காட்டினால், அந்தப் பாட்டைக் கற்ற வேறொரு மிடே உறுப்பினர் படத்தைப் பார்த்தே அதை அடையாளம் கண்டார். படங்கள் தனியாள் விருப்பத்துக்கு வரைந்தவை அல்ல, கற்றுக்கொடுத்து வந்தவை என்பதற்கு இது வலுவான சான்று. கற்பது சும்மாவும் இல்லை. கற்க வருபவர் பாடல்களுக்கு விலையாகப் பண்டங்கள் கொடுத்துப் பெற்றார்.

ஒரு வேண்டுகோள். மிடே சுருள்கள் இன்றும் அந்த மக்களுக்குப் புனிதமானவை, பொதுவில் காட்டத் தகாதவை என்று கருதுவோர் அவர்களுள் பலர். அமெரிக்காவில் 1990இல் வந்த சட்டத்தின்படி அரசு நிதி பெறும் அருங்காட்சியகங்கள் புனிதப் பொருள்களை உரிய பழங்குடியினரிடம் திருப்பித் தர வழி உண்டு. பழைய நூல்களில் அச்சாகிவிட்டது என்பதற்காகப் பாடல் சுருளைப் பிள்ளைகளைக் கொண்டு நகலெடுக்கச் சொல்லாதீர்கள். நார்வல் மோரிஸோ என்ற ஒஜிப்வா ஓவியர் 1962இல் டொராண்டோவில் முதல் கண்காட்சி வைத்தபோது, இந்த மரபின் உருவங்களை வெளியாருக்குக் காட்டியதற்காக அவருடைய சொந்த மக்களிடமிருந்தே எதிர்ப்பு வந்தது. 1820 குறிப்பும் 1849 மனுவும் அப்படியல்ல. அவை பிறர் படிக்க வேண்டும் என்றே வரைந்தவை.

மரவுரி:

பட்டையைப் பற்றி நான் சொல்கிறேன். இது காகிதப் பர்ச் எனப்படும் வெள்ளைத் தோல் மரம். ஜூன் கடைசியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் சாறு ஓடும் காலத்தில் வெளிப்பட்டை தானே விட்டுக்கொடுக்கும். மேலிருந்து கீழாக ஒரே ஒரு கீறல் போட்டு, விளிம்பை நெம்பி, சுற்றிலும் உரித்தால் மரத்தின் சுற்றளவே தாளின் அகலம். கத்தி வெளிப்பட்டையைத் தாண்டி உள்பட்டையில் இறங்கினால் மரம் செத்துப்போகும். சரியாக உரித்தால் மரம் பிழைக்கும், ஆனால் அந்த இடத்தில் கரடுமுரடான கறுப்புப் பட்டைதான் வளரும். அதில் மறுபடி எழுத முடியாது.

எழுதுவது வெள்ளைப் பக்கத்தில் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. மரத்தோடு ஒட்டியிருந்த பழுப்பு நிற உள்பக்கம்தான் வழவழப்பானது, அதுதான் எழுதுபரப்பு. எலும்பு முனையாலோ இரும்பு முனையாலோ அழுத்திக் கோடு போட்டு, பள்ளத்தில் கரித்தூளோ செங்காவியோ தேய்ப்பார்கள். ஓலையில் எழுத்தாணியால் கீறி மை தடவும் நம் முறையேதான், கருவி மட்டும் வேறு. தேய்க்காமல் வெறும் கீறலாக விட்டவையும் நிறைய. குளிர்காலத்திலோ இளவேனில் தொடக்கத்திலோ எடுத்த பட்டையில் உள்பக்கம் ஒரு கரும்பழுப்புப் படலம் ஒட்டிக்கொண்டு வரும். அதைச் சுரண்டி எடுத்து, கீழே உள்ள வெளிர் நிறத்தால் உருவம் காட்டும் இன்னொரு முறையும் உண்டு. பெட்டி, கூடைகளில் அது மிகுதி.

எங்கே கெடும்? பட்டையில் குறுக்காக ஓடும் சிறு கோடுகள் இருக்கும், மரம் மூச்சு விடும் துளைகள் அவை. பிளவு எப்போதும் அந்தக் கோட்டின் வழியேதான் ஓடும். கோட்டுக்கு இணையாக அழுத்திக் கீறினால் தாள் கிழியும். தைக்கும் துளைகளை ஒரே நேர்வரிசையில் போட்டாலும், தபால்தலை கிழிவது போலக் கிழியும். அதனால் ஒரு துளை விளிம்புக்கு அருகில், அடுத்தது சற்று உள்ளே என்று மாற்றிப் போட வேண்டும். நூல், பிளந்து ஊறவைத்த ஸ்புரூஸ் வேர் அல்லது பாஸ்வுட் நார். வேர் காய்ந்தால் ஒடியும், தைத்து முடியும்வரை தண்ணீரிலேயே கிடக்க வேண்டும். சுருளின் இரு முனையிலும் மெல்லிய மரச்சிம்பு வைத்துக் கட்டுவது விளிம்பு பிளக்காமல் இருக்க. யாழ்நரம்பு சொன்ன ரெட் லேக் சுருளில் ஒவ்வொரு முனையிலும் இரண்டு சிம்புகள் உண்டு.

உரித்த பட்டை வெள்ளைப் பக்கம் உள்ளே போகும்படி தானாகச் சுருளும். காய்ந்த பட்டையை வலுக்கட்டாயமாக விரித்தால் வெடிக்கும். வெந்நீரோ ஆவியோ காட்டினால் இளகும், பிறகு பலகைக்கு நடுவே பாரம் வைத்துத் தட்டையாக்கலாம். பழைய சுருளில் யாரும் இதைச் செய்யக் கூடாது. அது பாதுகாப்பு வல்லுநரின் ஈரப்பதக் கூண்டில் மெல்ல மெல்ல நடக்க வேண்டிய வேலை. பட்டையில் உள்ள பெட்டுலின் என்ற பொருள் நீரையும் பூஞ்சையையும் தள்ளிவைப்பதால்தான் காட்டு ஈரத்திலும் இவை தாக்குப்பிடித்தன.

வகுப்புக்கு இங்கே பர்ச் கிடைக்காது. பாக்கு மட்டை போதும். இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, ஓரங்களை வெட்டி, பாரம் வைத்து அரைகுறையாகக் காயவிடுங்கள். உள்பக்கத்தில் மொட்டை ஆணியால் கீறி, அடுப்புக்கரித் தூளைச் சிறிது நல்லெண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துணியால் துடைத்தால் கோடு நிற்கும். முழுதாகக் காய்ந்தபின் கீறினால் நார் வழியே பிளக்கும், சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் கரி பரப்பெங்கும் அப்பிக்கொள்ளும். கூர்மையான முனை வேண்டாம், அது நாரை அறுக்கும்.

வட்டெழுத்து:

எகிப்து, சுமேரோடு ஒப்பிடுவது பற்றி. வேறுபாட்டைக் காண ஒரே ஒரு சோதனை போதும்: படம் ஒரு குறிப்பிட்ட மொழியின் ஒலியைப் பிடித்து வைக்கிறதா? ஒஜிப்வா மனுவை ஒரு பிரெஞ்சுக்காரரும் ஓர் ஒஜிப்வாவும் வேறு வேறு சொற்களில் சொல்லலாம், இரண்டும் சரி. எகிப்தின் நார்மெர் கல்பலகை அப்படியல்ல. ஏறத்தாழ பொ.மு. 3100. அதன் உச்சியில் ஒரு கெளுத்தி மீனும் ஓர் உளியும் இருக்கும். மீனுக்கும் உளிக்கும் அங்கே வேலையில்லை. எகிப்திய மொழியில் கெளுத்தி "நார்", உளி "மெர்", சேர்த்தால் அரசன் பெயர். படம் தன் பொருளைக் கழற்றிவிட்டு ஒலியை மட்டும் சுமக்கத் தொடங்கும் இடம் இது.

சுமேரியர்களுக்கும் இது நடந்தது, ஆனால் மெதுவாக. ஊருக் நகரில் கிடைத்த பொ.மு. 3300-3100 அளவிலான களிமண் பலகைகள் பெரும்பாலும் கணக்குகள்: இத்தனை ஆடு, இவ்வளவு பார்லி, இவ்வளவு பீர். தலையும் கிண்ணமும் சேர்ந்தால் உண்ணல். அந்தக் கட்டத்தில் அவை முழு வாக்கியத்தை எழுதவில்லை. பிறகு அம்பைக் குறிக்கும் "தி" என்ற குறியே, அதே ஒலியுள்ள "உயிர்" என்ற சொல்லுக்கும் வந்தது. வேற்றுமை உருபும் வினைவிகுதியும் ஒழுங்காக எழுத்தில் ஏற இன்னும் பல நூற்றாண்டு ஆயின. சீனத்திலும் அதே உத்தி. அன்யாங் எலும்பு எழுத்தில், பொ.மு. 1200 அளவில், கோதுமைக் கதிரின் படம் "வருதல்" என்ற சொல்லுக்கு நின்றது.

நடுவழியில் நிற்பவர்கள் மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள். சாபுல்தெபெக் என்ற ஊருக்கு மலைமேல் ஒரு வெட்டுக்கிளி. பொருளே பெயர், "வெட்டுக்கிளி மலை". ஆனால் "த்லான்" என்று முடியும் ஊர்களுக்குப் பல் வரிசை வரைவார்கள். ஊருக்கும் பல்லுக்கும் உறவில்லை. அவர்கள் மொழியில் பல்லின் பெயரில் அந்த ஒலி இருக்கிறது. ஒரே ஏட்டில் சித்திரமும் ஒலியும் கலந்து வரும்.

பிள்ளைகளுக்கு இதைத் தமிழிலேயே காட்டலாம். பூமாலை ஒன்றை வரைந்து "இது பொழுது" என்று சொல்லுங்கள், மாலை. ஓடும் ஆற்றை வரைந்து எண் 6 என்று சொல்லுங்கள். மனிதக் காலை வரைந்து ¼ என்று சொல்லுங்கள். தமிழ் தெரியாதவர் இந்த மூன்றில் ஒன்றையும் அவிழ்க்க முடியாது. அடுத்து 1820 முகாம் படத்தைக் காட்டுங்கள், எந்த மொழிக்காரரும் பாதியாவது சொல்லிவிடுவார். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்தால் விளக்கமே வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் தவிருங்கள். படம், பிறகு சொல், பிறகு எழுத்து என்று ஏணிப்படி வரைந்து ஒஜிப்வாவைக் கீழ்ப்படியில் நிறுத்தாதீர்கள். ஊருக்கில் கோயில் களஞ்சியத்தின் வரவு செலவைப் பல கை மாறி எழுத வேண்டியிருந்தது, முகம் தெரியாதவர் படிக்க வேண்டியிருந்தது. மிடே ஆசானுக்கு வேண்டியது தகுதியில்லாதவர் படிக்க முடியாத, தகுதியுள்ளவர் மறக்க முடியாத ஒன்று. அந்தப் பணியைச் சித்திரம் முழுமையாகச் செய்தது. ஒலியெழுத்து அவர்களிடம் வந்தபோது, 1840இல் ஜேம்ஸ் எவன்ஸ் க்ரீ மொழிக்கு அமைத்த அசையெழுத்தும் ரோமன் எழுத்தும் தனி வழியில் வந்தன, பட்டைச் சித்திரத்திலிருந்து வளரவில்லை.

நிலாமுற்றம்:

மாலை, ஆறு, கால் உத்தி அருமை. கடைசியாக ஒன்று. ஒரு காணொளியில் சிந்துவெளி முத்திரைகளையும் அமெரிக்கப் பழங்குடிச் சித்திரங்களையும் அருகருகே வைத்து "ஒரே மூலம்" என்கிறார்கள். வாலம் ஓலும் என்ற பழைய பட்டைக் காவியத்தையும் சான்றாகக் காட்டுகிறார்கள். பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள்.

கல்தச்சன்:

வாலம் ஓலும் போலி. லெனாபே என்ற வட அமெரிக்கப் பழங்குடியினரின் பழங்காவியம் என்று 1836இல் ராஃபினெஸ்க் என்பவர் 183 குறிகளோடு வெளியிட்டார். மூலத்தை வேறு யாரும் கண்டதில்லை. 1990களில் டேவிட் ஓஸ்ட்ரைக்கர் கையெழுத்துப் படியை ஆராய்ந்து, ஆங்கிலத்தில் எழுதி லெனாபே மொழிக்கு மாற்றப்பட்டது அது என்று அடித்தல் திருத்தல்களைக் கொண்டே காட்டிவிட்டார். அதைச் சான்றாகத் தரும் எதையும் அங்கேயே மூடிவிடலாம்.

உருவ ஒற்றுமை தொடர்புக்குச் சான்றாகாது. வாயிலிருந்து பேச்சு வெளிவருவதாகக் காட்டும் வழக்கம் அஸ்டெக் ஏட்டிலும் உண்டு, ஒஜிப்வா பட்டையிலும் உண்டு. பேச்சை வரையச் சொன்னால் மனிதக் கை வேறு எங்கே தொடங்கும்? தொடர்பு என்று சொல்ல வேண்டுமானால், படத்தைப் பார்த்து ஊகிக்க முடியாத பொருள் இரண்டிடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும், இடைவழியிலும் அது கிடைக்க வேண்டும்.

சிந்துவெளி வேறு வகைச் சிக்கல். ஐராவதம் மகாதேவன் 1977 தொகுப்பில் 417 குறிகளைப் பிரித்தார். ஒரு முத்திரையில் சராசரியாக 5 குறிதான், பெரும்பாலும் வலமிருந்து இடம். மீன் குறி விண்மீனைச் சுட்டும் என்று ஹீராஸ் பாதிரியார் முன்வைத்து, அஸ்கோ பார்போலா விரித்த கருத்து நமக்கெல்லாம் பிடித்த கருத்து. அதுவும் வட்டெழுத்து சொன்ன ஒலி உத்திதான். மெய்ப்பிக்க இருமொழிக் கல்வெட்டு வேண்டும், அது இன்னும் கிடைக்கவில்லை. எகிப்துக்கு 1799இல் ரொசெட்டா கல் கிடைத்தும், ஷாம்பொலியோனின் விடை 1822இல்தான் வந்தது.

தவறான வாசிப்பு எப்படி நேரும் என்று காட்ட, பாறை ஓவியமும் கல்லறைக் கம்பமும் உதவும். ஒண்டாரியோவில் சுப்பீரியர் ஏரிக்கரைச் செங்குத்துப் பாறையான அகாவாவில், செங்காவியால் வரைந்த தோணிகளும், கொம்பு வைத்த நீர்ச்சிறுத்தை மிஷிபெஷுவும் இருக்கின்றன. ஒஜிப்வா தலைவர் ஷிங்வாக் ஸ்கூல்கிராஃப்டுக்குக் கொடுத்த விளக்கப்படி, மீயெங்கன் என்ற தலைவர் 5 தோணிகளில் ஏரியைக் கடந்ததன் பதிவு அது. வளைவுக்குக் கீழே மூன்று வட்டம் என்றால் வானத்தின் கீழ் மூன்று சூரியன், அதாவது மூன்று நாள் பயணம். ஆமை என்றால் கரை சேர்ந்தார்கள். விளக்கம் சொல்ல ஆள் இல்லாவிட்டால் மூன்று சூரியனை வைத்து எத்தனை கதை கிளம்பியிருக்கும்! அந்த இடத்தையே ஆய்வாளர் செல்வின் டியூட்னி 1958இல்தான் மறுபடி கண்டறிந்தார்.

1793 அளவில் இறந்த வாபோஜீக் என்ற போர்த்தலைவரின் கல்லறைக் கம்பத்தில் அவருடைய குலக்குறியான கலைமான் தலைகீழாக இருந்தது. தலைகீழ் என்றால் இறந்தவர். பக்கத்தில் 7 கோடு, அவர் தலைமை தாங்கிய ஏழு படையெடுப்பு. குலக்குறிக்குக் கீழே 3 கோடு, மூன்று காயம். அடியில் கொம்புள்ள மூஸ் மான் தலை, அந்த விலங்கோடு அவர் போட்ட கடும் சண்டை. ஒரே கம்பத்தில் ஒரே வடிவக் கோடு, ஓரிடத்தில் போர், இன்னோரிடத்தில் காயம். பொருள் அட்டவணை ஏன் உதவாது என்று கேட்ட உங்கள் முதல் கேள்விக்கு இந்தக் கம்பமே விடை.

எழுத்தாணி:

கல்தச்சன் சொன்ன கம்பத்தையும் பாடத்தில் சேருங்கள். வரிசை இப்படி இருந்தால் நன்றாக ஓடும். முதல் நாள் 1820 குறிப்பை விளக்கம் இல்லாமல் கொடுத்து, எத்தனை பேர், யார், எந்தத் திசை என்று எழுதச் சொல்லுங்கள். படத்தைத் தாளில் மட்டும் கொடுத்தால் திசைக்கு விடை வராது. ஒரு குச்சியில் செருகி, சாய்த்து நட்டுக் கொடுங்கள். அடுத்த நாள் 1849 மனுவில் கோடுகளை மறைத்து ஒரு படி, கோடுகளோடு ஒரு படி. மூன்றாவதில் நார்மெர், மாலை, ஆறு, கால்.

பாக்கு மட்டையில் வரையும்போது பிள்ளைகள் தங்கள் பள்ளி, ஊர், ஏரி பற்றி ஒரு மனுவை அவர்களே அமைக்கட்டும். மிடே உருவங்களும் கொம்பு வைத்த தலைகளும் வேண்டாம். ஒருவருக்கு ஒரு விலங்கு போதும், ஆறேழு பேருக்கு மேல் ஒரு மட்டையில் போனால் கண்ணிலிருந்து கண்ணுக்குப் போகும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு படிக்க முடியாமல் போய்விடும். முதலில் தலைவர் விலங்கை முன்னால் பெரிதாக வரைந்து, மற்றவற்றின் கண்களைச் சற்று மேலும் கீழுமாக வைக்கச் சொல்லுங்கள். கோடுகளை எல்லா உருவமும் முடிந்த பிறகே கீற வேண்டும்.